யார் என்று கேட்காத முறைமை

எதிரணியின் வாதத்தை என் கையால் எழுதிப் பார்க்காமல் நான் எந்த மேடையிலும் ஏறியதில்லை. எங்கள் பாடசாலை விவாத அணியில் அது விதி. போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குவோம். எதிரணித் தலைவரே பேசுவதாக அதில் எழுத வேண்டும். ‘அவர்கள் இப்படிச் சொல்லக்கூடும்’ என்ற தயக்கத்துக்கு அங்கே இடமில்லை. ‘நாங்கள் சொல்கிறோம்’ என்ற உறுதியோடு எழுத வேண்டும். நம்மை வீழ்த்தக்கூடிய வாதத்தை நம்மைவிடத் திறமாக எவரும் எழுதிவிடக் கூடாது என்பதே நோக்கம். அப்படி எழுதி நான் வென்ற கிண்ணங்கள் எங்கள் வெள்ளவத்தை வீட்டு அலுமாரியின் மேல்தட்டை நிறைத்தன. அதே பழக்கத்தோடு சேர்ந்த என் சந்தேகம், ஒருத்தியின் கொழும்பு வாழ்க்கையையே முடித்துவிடப் பார்த்தது.

யுத்த காலம். பாடசாலையை முடித்துவிட்டு, கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இயங்கிய தனியார் நிறுவனமொன்றில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு முடிவில் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு திட்டம் செய்து, மூவர் கொண்ட குழுவின் முன் நிரூபிக்க வேண்டும். குழு ஏற்றுக்கொண்டால்தான் இறுதி ஆண்டு. எனக்குச் சோடியாக விழுந்தவள், வகுப்பில் என்னைவிடக் குறைவாகப் பேசி என்னைவிடக் கூடிய புள்ளிகள் வாங்கிய மன்னார்ப் பெண்.

அவள் கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். எனக்கும் அவளுக்கும் இருந்த வித்தியாசத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அடையாள அட்டை கொழும்பில் பிறந்தவள் என்றது. வீட்டில் இருப்போரைப் பொலிசில் பதிந்த எங்கள் பட்டியலில் என் பெயரை எவரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. அவளுடையது மன்னார் என்றது. கொழும்பில் அவள் இருப்பதற்குக் காட்டக்கூடிய ஒரே காரணம், ‘இவர் எமது மாணவி’ என்று நிறுவனம் ஆறு மாதத்துக்கொரு முறை கொடுத்த கடிதம். திட்டம் நிராகரிக்கப்பட்டால் கடிதம் நின்றுவிடும். கடிதம் நின்றால் சித்தப்பா தன் வீட்டுப் பட்டியலிலிருந்து அவளுடைய பெயரை எடுத்துவிட வேண்டும். பிறகு பயணத்துக்குக் கடவுப் பத்திரம் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவதைத் தவிர வழியில்லை. ஊரில் அப்போது செல் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

திட்டத்துக்கான யோசனை அவளுடையது. நிறுவனத்தின் பின்படியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னாள்.

“நீர் வீட்டில கொம்பியூட்டரைப் போட்டவுடன அது முதல் என்ன கேக்கும்?”

“பேரும் பாஸ்வேர்டும்.”

“குடுத்திட்டீர். பிறகு?”

“பிறகென்ன, திறக்கும்.”

“என்னத்தைத் திறக்கும்?”

“எல்லாத்தையும்தான்.”

“அதுதான் பிழை” என்றாள். “நீர் ஒரு விளையாட்டு வாங்கிப் போடுறீர். நீர் ஆர் எண்டு கேட்டு உள்ளுக்கு விட்டதால, உம்மட பேரிலயே அந்த விளையாட்டும் உள்ளுக்குப் போகும். உம்மட கடிதத்தை வாசிக்கும், அழிக்கும். ஏன் எண்டு கேக்க ஆளில்லை. எல்லாத்துக்கும் மேல ஒரு பெரியவர் வேற. அவற்ற பாஸ்வேர்ட் கிடைச்சவனுக்கு முழு வீடும் சொந்தம்.”

கணினியை எழுப்பி, மற்ற எல்லா மென்பொருள்களையும் நடத்தும் அந்த அடிப்படை மென்பொருளைப் பாடநூலில் பணிசெயல் முறைமை என்று படித்திருந்தோம். அது பல தசாப்தங்களுக்கு முன் எவரோ பெரிய இயந்திரமொன்றைப் பலருக்குப் பங்கிட்டபோது போட்ட வழி. அதையே இன்னும் வேதமாக வைத்திருக்கிறோம் என்பது அவள் கட்சி. அவளுடைய முறைமையில் பெரியவர் இல்லை. உள்ளே நுழைபவரின் பெயரை அது கேட்காது. எந்த மென்பொருளும் வெறுங்கையோடு பிறக்கும். இந்தக் கடிதத்தை வாசிக்க ஒரு சாவி, அந்தப் படத்தை அச்சிட ஒரு சாவி என்று, வேலைக்கு வேண்டியதை மட்டும் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் கொடுத்தவர் திரும்ப வாங்கிவிடலாம்.

மேடைக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது என்று எனக்கு உடனே விளங்கியது. நான் பேசுவது, அவள் செய்து காட்டுவது என்று ஒப்பந்தம். ஆய்வுகூடப் படிவத்தில், ஒருவர் செயலுக்கு மற்றவரும் பொறுப்பு என்ற வரியின் கீழ் இருவரும் கையொப்பமிட்டோம்.

அன்று பின்னேரம் அப்பாவிடம் பெருமையோடு சொன்னேன். அப்பா, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞர். விசாரணைக்கென்று கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் சொல்வதை எல்லாம் மனுவாக எழுதுவது அவருடைய வேலை. அவர் முறைமையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“ஆளை விசாரிச்சனியோ?”

“ஆளை என்னத்துக்கப்பா விசாரிக்கிறது? என்னோட படிக்கிறவள்.”

“கையெழுத்து வைச்சனியோ?”

“ஓம்.”

“பிள்ளை, நான் எழுதுற கேஸ்களில செய்தவன் எங்கேயோ இருப்பான். கையெழுத்து வைச்சவன்தான் முதல் உள்ளுக்குப் போறான்.”

அதன்பின் நான் அவளைப் பார்க்கத் தொடங்கினேன். அதுவரை கண்ணில் படாதவை எல்லாம் பட்டன. ஆய்வுகூடக் கணினியில் அவள் ஒரு வரியைக்கூட விட்டுவிட்டுப் போவதில்லை. எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றி, டிஸ்க்குகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மடித்த குடைக்குள் செருகிக்கொள்வாள். புதன்கிழமை பதினொரு மணிக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவாள். எங்கே என்று கேட்டால் “ஒரு அலுவல்” என்பாள். ஒரு முறை “சேர்ச்சுக்கு” என்றாள்; அன்று அவளுடைய செருப்பில் கறுத்த எண்ணெய்ச் சேறு ஒட்டியிருந்தது. எந்தத் தேவாலயத்தில் எண்ணெய்ச் சேறு இருக்கிறது? முன்பு அழகாகத் தெரிந்த அந்த யோசனையும் இப்போது வேறு முகம் காட்டியது. யார் என்று கேட்காத ஒரு முறைமை யாருக்குத் தேவைப்படும்? தான் யார் என்று சொல்ல விரும்பாதவருக்குத்தானே?

கொப்பியொன்று வாங்கினேன். எதிரணியாக இருந்து எழுதத் தொடங்கினேன். அதுவரை எழுதிய எந்தக் கொப்பியும் அவ்வளவு எளிதாக வந்ததில்லை. ‘பெயர் கேளாமல் சாவி கொடுக்கும் வீட்டில் களவு போனால் எவரைப் பிடிப்பீர்கள்? இந்த வடிவமைப்பின் உண்மையான பயன், குற்றம் செய்தவரை மறைப்பதே என்று நாங்கள் சொல்கிறோம்.’ எதிரணிக்காக எழுதுகிறேனா, எனக்காகவே எழுதுகிறேனா என்று நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

சமர்ப்பிப்புக்கு மூன்று வாரம் இருந்த புதன்கிழமை அவளைப் பின்தொடர்ந்தேன்.

புறக்கோட்டைக்குப் போக அவள் முன் கதவால் ஏறிய பஸ்ஸில் நான் பின் கதவால் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அவள் அட்டையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து நின்றாள். அவள் திரும்பிப் பார்த்துவிடுவாளோ என்று நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அந்த வரிசையில் முகத்தை மறைத்தவள் நான் ஒருத்திதான். சிப்பாய் என் குடையைத் தன் கையால் மடித்து, என் அட்டையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

புறக்கோட்டையில் வேறு பஸ் மாறி அவள் இறங்கிய இடம் ஒருகொடவத்தை. இருபுறமும் கொள்கலன்கள் மூன்று நான்கு அடுக்காக நின்ற வீதி. துறைமுகத்துக்குப் போகும் லொறிகள் வரிசையில் உறுமிக்கொண்டிருந்தன. அவள் ஒரு கொள்கலன் முற்றத்தின் வாயிலுக்குப் போனாள். காவலாளியிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். அவன் பாதியைக் கிழித்து வைத்துக்கொண்டு மறுபாதியைக் கொடுத்தான். அவள் உள்ளே மறைந்தாள்.

துறைமுகச் சரக்கு நிற்கும் முற்றம், டிஸ்க்குகள், மன்னார்ப் பெண், என் கையொப்பம். எதிர்வீதியில் ஒரு தகரக் கொட்டிலின் நிழலில் நின்று இவற்றை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. காவலாளி வீதியைக் கடந்து வந்தான்.

“நங்கி, மெஹே மொகத கரன்னே?” இங்கே என்ன செய்கிறாய் தங்கச்சி என்று சாதாரணமாகத்தான் கேட்டான்.

பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ஒரு கேள்விக்கு மூன்று காரணங்களோடு பதில் சொல்லிப் பழகியவள் நான். சிங்களத்திலும் நான் மேடையேறியவள். என் நண்பி உள்ளே போயிருக்கிறாள், நாங்கள் ஒரே திட்டம் செய்கிறோம், அவள் என்ன செய்கிறாள் என்று அறியும் பொறுப்பு எனக்கு உண்டு என்று முறையாக அடுக்கினேன். காவலாளியின் முகம் மாறியது. தொலைபேசியை எடுத்தான்.

சற்று நேரத்தில் வெள்ளைச் சேட்டு அணிந்த நடுத்தர வயதினர் ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். பின்னால் அவள். அவர்களுக்கும் பின்னால், கழுத்துப் பட்டி கட்டிய முகாமையாளர்.

“தங்கச்சி, உங்களுக்கு என்ன வேணும்?” என்று வெள்ளைச் சேட்டுக்காரர் மூச்சிரைக்கக் கேட்டார்.

“ஒண்டுமில்லை. இவவைத் தேடி வந்தனான்.”

“இவள் என்ர பெறாமகள், மனிசியின்ர தமக்கையின்ர பிள்ளை. நான் இங்க கிளாக். இப்ப இவருக்கு நான் என்ன சொல்ல?”

முகாமையாளர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இனி வெளியாட்கள் ஒருவரும் உள்ளே வரக் கூடாது என்று வெள்ளைச் சேட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டு, காவலாளியிடம் என் பெயரையும் அவளுடைய பெயரையும் எழுதச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் பின்படியில் அவளாகவே வந்து நின்றாள்.

“எங்கட லாப்பில ஒப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தொட விடமாட்டினம். முழு மெஷினையும் அழிச்சுப்போட்டுத்தானே எங்கடதை ஏத்த வேணும். அங்க ஒரு பழைய கொம்பியூட்டர் சும்மா கிடந்தது. சித்தப்பா கெஞ்சிக் கேட்டு, புதன்கிழமைச் சாப்பாட்டு நேரத்தில மட்டும் எண்டு பாஸ் துண்டு எடுத்துத் தந்தவர்.”

“எனக்குச் சொல்லியிருக்கலாமே.”

“மன்னார்ப் பிள்ளை ஒண்டு கொண்டெய்னர் யாட்டுக்குப் போய்வருது எண்டு நாலு பேருக்குத் தெரிஞ்சா சித்தப்பான்ர வேலை என்னாகும்? நீர் கேட்டிருக்கலாம்.”

“கேட்டனான். சேர்ச் எண்டனீர்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “அது பொய்தான்” என்றாள். “ஆனா நீர் அங்க வந்து சொன்னது எல்லாம் உண்மை. அதுதான் ஆபத்தாப் போச்சு.”

இனி எங்கே பரீட்சித்துப் பார்ப்பது? எங்கள் வீட்டுக் கணினியைத் தருகிறேன் என்றேன். அவளுக்கு வேறு வழி இல்லாததால் ஒத்துக்கொண்டாள். அப்பா வாசலிலேயே அவளுடைய அட்டையை வாங்கி, இலக்கத்தை நாட்குறிப்பில் எழுதிக்கொண்ட பின்தான் கதிரை எடுத்துப் போட்டார். “கோவிக்காதேங்கோ பிள்ளை, என்ர தொழில் அப்பிடி” என்றார். “பரவாயில்லை, எனக்கு இது பழக்கம் அங்கிள்” என்றாள் அவள். எங்களுடைய எல்லாக் கோப்புகளையும் டிஸ்க்குகளில் எடுத்து வைத்துவிட்டு, கணினியைத் துடைத்து, தன்னுடையதை ஏற்றினாள். கறுத்த திரையில் ஒரு வரி மின்னியது. அது ஒரு பெயரும் கேட்கவில்லை. நான் மனதாரக் கைதட்டினேன்.

நான்காம் நாள், தேத்தண்ணிக் கோப்பைகளோடு அறைக்குள் வந்தபோது என் கொப்பி அவள் மடியில் விரிந்திருந்தது. மேசையில் தாள் தேடியிருக்கிறாள். நான் வந்தது தெரிந்தும் கடைசிப் பக்கம்வரை வாசித்து முடித்தாள்.

“இதை ஆருக்குக் குடுக்க எழுதினனீர்?”

“ஒருத்தருக்கும் இல்லை. இது எங்கட வழக்கம். எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் எண்டு…”

“‘குற்றம் செய்தவரை மறைப்பதே இதன் உண்மையான பயன் என்று நாங்கள் சொல்கிறோம்’” என்று வாசித்தாள். “இந்த நாங்கள் ஆர்?”

விவாத அணியின் விதியை நான் விளக்கினேன். முதல் முறையாக என் விளக்கம் எனக்கே பொய் சொல்பவளின் குரலில் கேட்டது.

“எங்கட ஊர்ப் பக்கத்தில ஒருத்தர் தன்னோட இருக்கிறவரைப் பற்றி இப்பிடி எழுதி வைச்சிருந்தா, அதுக்கு வேற பேர்” என்றாள். கொப்பியை மூடி மேசையில் வைத்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினாள். தேத்தண்ணி ஆறிப்போனது. ஆனாலும் அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும். நான் அறைக்குள் நுழைந்தால் திரையைச் சற்றுத் திருப்பிக்கொள்வாள்.

சமர்ப்பிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. மூவர் குழுவின் தலைவர், அரச திணைக்களமொன்றில் கணினிப் பிரிவை நடத்தி ஓய்வுபெற்றவர். நான் இருபது நிமிடம் பேசினேன். பழைய முறைமைகளின் அரச வம்சத்தை விவரித்து, முடியிழந்த பெரியவரைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கி, வெறுங்கையோடு பிறக்கும் மென்பொருளின் எளிமையைப் புகழ்ந்து முடித்தேன். மற்ற இருவர் புன்னகைத்தனர். தலைவர் பேனாவை மூடி வைத்தார்.

“நன்றாகப் பேசுகிறீர்கள். ஒரு கேள்வி. நீங்கள் எவரிடமும் பெயர் கேட்பதில்லை. நாளைக்கு ஒரு குற்றம் நடந்தால் எவரைப் பிடிப்பது? இது குற்றவாளியை மறைக்கும் வசதி என்று நான் சொன்னால்?”

என் கொப்பியின் வாசகம் ஏறக்குறைய அப்படியே வந்து விழுந்தது. அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அதை எவரிடமும் காட்டவில்லை. அந்தக் காலத்தில் கொழும்பில் எவருக்கும் முதலில் தோன்றக்கூடிய கேள்வி அது. ஆனால் அதை அவளிடம் எப்படி நிரூபிப்பது?

பதில் சொல்ல எழுந்தேன். மனித கண்ணியம், நம்பிக்கை, சுதந்திரம் என்று எனக்குப் பழக்கமான படிகளில் ஏறத் தொடங்கினேன். தலைவர் கையை உயர்த்தினார்.

“அது சொற்பொழிவு. என் கேள்விக்கு விடை அதில் இல்லை.”

கொப்பி முழுவதும் எதிரணியை எழுதியவள், அதற்கான மறுப்பை எழுதவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தேகத்தை எழுதி முடித்ததும் வேலை முடிந்ததென்று இருந்துவிட்டேன்.

அவள் எழுந்தாள். அவளுடைய ஆங்கிலம் தடுக்கித் தடுக்கி வந்தது.

“சேர், சரக்கு முற்றத்தில் லொறி ஒன்று வெளியே போகிறது. காவலாளிக்குச் சாரதியின் பெயர் தேவையில்லை. இந்தக் கொள்கலன், இந்த வாயில், இன்றைக்கு என்று எழுதிய துண்டைத்தான் பார்க்கிறான். பிழையான கொள்கலன் போய்விட்டால் கிழித்து வைத்த அடித்துண்டைப் பார்ப்பார்கள். இதைக் கொடுத்தது யார், எதற்கு என்று அதில் இருக்கும். எங்கள் முறைமையிலும் ஒவ்வொரு சாவிக்கும் தான் எந்தச் சாவியிலிருந்து வெட்டப்பட்டது என்று தெரியும். மேலே உள்ளதை ரத்துச் செய்தால் அதிலிருந்து பிறந்தவை எல்லாம் செத்துவிடும். பெயர் கேட்கும் முறைமையில், பெயர் பிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் மறுக்கிறார்கள். பெயர் பிடித்துவிட்டால் எல்லாவற்றையும் கொடுக்கிறார்கள். இரண்டிலும் அந்த ஆள் என்ன செய்ய வந்தார் என்று எவரும் பார்ப்பதில்லை.”

அவள் எங்கள் வீட்டிலிருந்து முச்சக்கர வண்டியில் கொண்டுவந்த கணினியை எழுப்பினாள். ஒரு சிறு மென்பொருள் ஒரு கடிதத்தைத் திறக்க முயன்றது, முடியவில்லை. சாவி கொடுத்தாள், வாசித்தது. அதே சாவியால் அழிக்க முயன்றது, முடியவில்லை. தலைவர் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, தானே விசைப்பலகையில் நான்கைந்து விதமாக ஏமாற்றிப் பார்த்தார். கடைசியில் சாவியைத் திரும்ப எடுத்தார். மென்பொருள் வாசித்த வரியிலேயே நின்றது.

“ஓர் அத்தியாயம் திருத்த வேண்டும்” என்றார். “இவர் சொன்ன அடித்துண்டை எழுத்தில் சேர்க்க வேண்டும். ஏற்கிறோம்.”

இரண்டு நாளில் அலுவலகத்தில் கடிதம் தட்டெழுதினார்கள். அவள் நின்றபடியே அதை மூன்று முறை வாசித்தாள்: பெயர், அட்டை இலக்கம், ஆறு மாதம். பிறகு கண்ணாடித் தாளுறைக்குள் போட்டாள்.

“நான் அந்தக் கொப்பியை ஒருத்தருக்கும் காட்டேல்ல” என்றேன்.

“காட்டியிருக்கலாம். காட்டாமலும் இருந்திருக்கலாம். நான் இன்னும் முடிவெடுக்கேல்ல.”

“அப்ப இறுதி ஆண்டுக்கு வேற ஆளோட சேரப்போறீரோ?”

“ஏன்? நம்பாமலே வேலை செய்யலாம்தானே. இந்த மூண்டு கிழமையும் செய்தனாங்கள்.”

கொட்டாஞ்சேனைப் பொலிசில் கடிதத்தைக் கொடுக்க நானும் வருகிறேன் என்றேன்; சிங்களத்தில் நான் கதைக்கலாமே.

“ஐயோ, வேண்டாம் தாயே. நீர் கதைச்சா தேவைக்கு மேல கதைச்சுப்போடுவீர்” என்று படியிறங்கினாள்.

திங்கட்கிழமை வகுப்புக்கு வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள்.

“என்ன மாதிரி?” என்றேன்.

“பதிஞ்சாச்சு” என்றாள். “அங்கால தள்ளி இரும், எனக்கு வெளிச்சம் காணாது.”